மாதிரிக் கட்டுரையில் இல்லாத பாட்டி

நான்காம் ஆண்டு படிக்கும்போது ‘என் பாட்டி’ என்று ஒரு கட்டுரை எழுதினேன். அது 2013ஆம் ஆண்டு. ஆசிரியை அதை வகுப்பில் உரக்க வாசித்துக் காட்டி, பின்சுவரில் இருந்த பலகையிலும் ஒட்டி வைத்தார். பாட்டியின் தலைமுடி பஞ்சுபோல் வெளுத்திருக்கும், எப்போதும் வெற்றிலை மென்றுகொண்டிருப்பார், இரவில் நிலவைக் காட்டி ராஜா ராணிக் கதை சொல்வார் என்றெல்லாம் எழுதியிருந்தேன். எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை. உண்மையும் ஒன்றுகூட இல்லை.

என் பாட்டி, அதாவது அப்பாவின் அம்மா, பிறப்பால் சீனர். 1951ஆம் ஆண்டு, பிறந்த சில வாரங்களிலேயே, பேராக்கில் ஒரு ரப்பர் தோட்டத்துத் தமிழ்க் குடும்பம் அவரை எடுத்து வளர்த்தது. அந்தக் காலத்தில் நம் நாட்டில் இது புதுமையில்லை. பெண் பிள்ளையை வளர்க்க வழியில்லாத சீனக் குடும்பங்களிடமிருந்து இந்தியக் குடும்பங்கள் பிள்ளைகளை வாங்கி வளர்த்தன. இதை வாசிக்கும் உங்களில் சிலரின் வீட்டிலும் அப்படி ஒரு பாட்டியோ பெரியம்மாவோ இருக்கக்கூடும். பாட்டிக்குத் தெரிந்த மொழி தமிழ்தான். விடியுமுன் பெரட்டுக்குப் போனது, மரம் சீவியது, மாரியம்மனுக்குப் பால்குடம் எடுத்தது, அப்பாவைத் திட்டியது எல்லாம் தமிழில்தான். சந்தையில் காய்கறி விற்கும் சீனப் பெண்மணி கண்டனீசில் பேச ஆரம்பித்தால், “தெரியாதும்மா” என்று தமிழில் சொல்லிவிட்டு மலாயில் விலை பேசுவார். வெற்றிலை போட்டு நான் பார்த்ததில்லை. நிலவைக் காட்டிக் கதை சொன்னதும் இல்லை. இரவு எட்டு மணிக்குத் தொலைக்காட்சித் தொடர் இருக்கும்போது நிலவை யார் பார்ப்பது?

அப்படியிருக்க, ஏன் வெற்றிலைப் பாட்டியை எழுதினேன்? ஆசிரியையைக் குறை சொல்ல மாட்டேன். மாதிரிக் கட்டுரை ஒன்றைக் கொடுத்து, “இதைப்போல் எழுதுங்கள்” என்றுதான் சொன்னார். வெட்கமும் ஒரு காரணம். பாட்டி என்னை அழைத்துப்போகப் பள்ளிக்கு வந்த ஒரு நாள், “ஒங்க பாட்டி சீனத்தியா?” என்று சிலர் சிரித்தது மனத்தில் இருந்தது. ஆனால் பெரிய காரணம் வேறு. பாட்டியைப் பற்றி வாய் ஓயாமல் பேசத் தெரிந்த எனக்கு, அவரை எழுதுவதற்கான வாக்கியங்கள் தெரியவில்லை. ‘எடுத்து வளர்த்த பிள்ளை’ என்பதை ஏட்டுத் தமிழில் எப்படி எழுதுவது? சீன முகமும் தமிழ் வாயுமாக இருக்கும் ஒருவரை அறிமுகப்படுத்தும் வாக்கியம் எப்படித் தொடங்கும்? அதுவரை நான் வாசித்த எந்தத் தமிழ்ப் புத்தகத்திலும் அப்படி ஒருவர் வந்ததில்லை.

சிறுவர் கதைப் புத்தகங்களைப் பற்றி எழுதத்தான் இதை உட்கார்ந்து எழுதுகிறேன். நம் பிள்ளைகளின் தமிழ் வளர வேண்டுமானால், அவர்கள் கையில் நாம் கொடுக்கும் தமிழ்ப் புத்தகங்களில் மலாய்க்காரர், சீனர், இபான், கடசான், ஓராங் அஸ்லி என்று இந்நாட்டு மக்கள் எல்லாரும் நடமாட வேண்டும் என்பது என் கருத்து. இன ஒற்றுமைக்காகச் சொல்லவில்லை. அது வேறு மேடைக்கான பேச்சு. மொழிக்காகவே சொல்கிறேன். நான் உயிரியல் மாணவி. இதைப் பேச எனக்குள்ள தகுதி, விருப்பப் பாடமாக எடுத்த ‘குழந்தை மொழி வளர்ச்சி’ என்ற ஒரே ஒரு பாடமும், ஒரு பாட்டியும்தான்.

எங்கள் வகுப்பின் வாசிப்பு மூலையில் ஓர் அலமாரி இருந்தது. 1990களின் இறுதியில் தொடங்கிய ‘நீலாம்’ திட்டத்துக்காகப் புத்தகங்களை வாசித்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். பக்கம் குறைந்த புத்தகத்துக்கு அடிதடியே நடக்கும். (அட்டையையும் கடைசிப் பக்கத்தையும் மட்டும் பார்த்துச் சுருக்கம் எழுதிய நண்பர்கள் இப்போது புன்னகைத்துக்கொள்ளலாம்.) தமிழ்ப் புத்தகங்களில் பெரும்பாலானவை தமிழகத்தில் அச்சானவை. தெனாலிராமன், பீர்பால், முல்லா, பஞ்சதந்திரம். ஆலமரம், மாட்டு வண்டி, ஆற்றங்கரை. மலாய்ப் புத்தகங்களில் சாங் கஞ்சிலும், பாவாங் பூத்தே பாவாங் மேராவும். ஆங்கிலப் புத்தகங்களில் பனி பெய்துகொண்டே இருக்கும். எல்லாவற்றையும் விரும்பித்தான் வாசித்தேன். தெனாலிராமனை இன்றைக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் தமிழ்த் தட்டில் தமிழர் மட்டும், மலாய்த் தட்டில் மலாய்க்காரர் மட்டும், ஆங்கிலத் தட்டில் வெள்ளைக்காரர் மட்டும் என்று பிரிந்து கிடந்தார்கள். எங்கள் தாமானிலோ எல்லாரும் ஒரே வரிசையில் குடியிருந்தார்கள்.

இந்தக் குறை நமக்கு மட்டும் வந்ததன்று. அமெரிக்காவில் 1965ஆம் ஆண்டு நான்சி லாரிக் என்பவர், மூன்று ஆண்டுகளில் வெளிவந்த 5,206 சிறுவர் நூல்களைப் பற்றிப் பதிப்பகங்களிடம் விசாரித்து எழுதினார். கறுப்பினத்தவர் ஒருவராவது இடம்பெற்ற நூல்கள் 349, அதாவது 6.7 விழுக்காடு மட்டுமே. பின்னர் 1990இல் ரூடின் சிம்ஸ் பிஷப் என்ற பேராசிரியர், சில புத்தகங்கள் குழந்தைக்குத் தன்னைக் காட்டும் கண்ணாடி, சில பிறரைக் காட்டும் சன்னல், சில தள்ளித் திறந்து உள்ளே போகக்கூடிய கண்ணாடிக் கதவு என்று எழுதினார். தன் முகத்தை மட்டுமே பார்த்து வளரும் பிள்ளைக்கும் அது கேடுதான் என்றும் சொன்னார். வகுப்பில் இதைப் படித்த அன்று எனக்கு வந்த சந்தேகம் இதுதான்: என் பாட்டி எனக்குக் கண்ணாடியா, சன்னலா? இந்நாட்டில் பல வீடுகளில் இரண்டும் ஒரே ஆள்தான்.

சரி, இதற்கும் மொழி வளர்ச்சிக்கும் என்ன தொடர்பு? குழந்தைக்குச் சொல்வளம் பேச்சிலிருந்து மட்டும் வருவதில்லை. 1988இல் ஹேய்ஸ், ஆரன்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் ஆங்கிலத்தில் இதை எண்ணிப் பார்த்தார்கள். சிறுவர் நூல்களில் ஆயிரம் சொற்களுக்கு ஏறத்தாழ 31 அரிய சொற்கள் வந்தன. பட்டம் பெற்ற பெரியவர்களின் பேச்சில் வந்தவை ஏறத்தாழ 17தான். தமிழில் இந்த இடைவெளி இன்னும் பெரியதாக இருக்கும் என்றே நினைக்கிறேன். ஏனெனில் நமக்குப் பேச்சு வேறு, ஏடு வேறு. வீட்டில் ‘வந்தாங்க’ என்று கேட்டு வளரும் பிள்ளை ‘வந்தார்கள்’ என்பதைச் சந்திப்பது புத்தகத்தில்தான். அந்தச் சந்திப்பு தனக்குத் தெரிந்த ஆளைப் பற்றி, தெரிந்த தெருவைப் பற்றி நடந்தால், வடிவம் மட்டும்தான் புதிது, பொருள் பழகியது. பிள்ளை எளிதில் பிடித்துக்கொள்ளும். வடிவமும் புதிது, பொருளும் புதிது என்றால் மனப்பாடம்தான் செய்யும். நாங்கள் செய்தோம்.

இதன் மறுபக்கத்தை மலாய்மொழியில் அனுபவித்தேன். 2015இல் யு.பி.எஸ்.ஆர். எழுதிவிட்டு, அடுத்த ஆண்டு தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போனேன். மலாய் எழுத வரும், பேச வராது. வாய் திறந்தால் சிரிப்பார்கள் என்ற பயம். தமிழ்ப்பள்ளியிலிருந்து போன எல்லாருக்கும் இது தெரியும். விரித்து எழுதத் தேவையில்லை. ஓய்வு நேரத்தில் ஒளிந்துகொள்ள நல்ல இடம் நூலகம். அங்கேதான் லாட் வரைந்த ‘கம்போங் பாய்’ கிடைத்தது. 1979இல் முதலில் வெளிவந்த படக்கதை. பேராக் கம்பத்தில் வளரும் ஒரு மலாய்ச் சிறுவனின் கதை. அவன் குர்ஆன் ஓதக் கற்பதும் சுன்னத்துச் சடங்கும் எனக்குப் புதியவை. ஆனால் அவன் ஊரின் ரப்பர் மரங்களும், ஆறும், ஈயம் தோண்டும் கப்பலும் எனக்குப் புதியவை அல்ல. அப்பாவின் மோட்டாரில் உட்கார்ந்து போகும்போது தஞ்சோங் துவாலாங்கில் அந்தக் கப்பலைச் சாலையிலிருந்து பார்த்திருக்கிறேன். தட்டில் மணல் அலசி ஈயம் எடுத்த பெண்களைப் பற்றிப் பாட்டி தமிழில் சொல்லியிருக்கிறார். அதனால் சொற்கள் ஒட்டிக்கொண்டன. மறுநாள் பக்கத்து இருக்கை மலாய்த் தோழியிடம் பாட்டி சொன்னதை மலாயில் சொன்னேன். தொடர்ந்து பத்து வாக்கியம் நான் மலாயில் பேசியது அன்றுதான் முதன்முறை. அவளும் தன் பாட்டியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள்.

தாய்மொழியில் ஊன்றிய அறிவு இரண்டாம் மொழிக்கும் கைகொடுக்கும் என்று கனடாவின் ஜிம் கம்மின்ஸ் 1979இலேயே எழுதியிருப்பதை மிகப் பின்னால்தான் படித்தேன். தமிழ்ப்பள்ளிக்குப் போனால் மலாய் வராது என்று அஞ்சும் பெற்றோருக்கும் இதைச் சொல்ல விரும்புகிறேன். தமிழில் ஈயக் கப்பலைத் தெரிந்த பிள்ளைக்கு மலாயில் அது ஒரு சொல்தான் பாக்கி.

இனி என் கவலைக்கு வருகிறேன். அக்கா மகளுக்கு ஏழு வயது. தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டு. கோயில் திருவிழாவுக்குப் போய் வந்தால், தேர் எப்படி வந்தது, யாருக்குக் காலில் முள் குத்தியது என்று அரை மணி நேரம் தமிழில் சொல்வாள். சில மாதங்களுக்கு முன் பக்கத்து வீட்டு மாக்சிக்கின் மகனுக்குத் திருமணம். தெருவையே அடைத்துக் கூடாரம். கொம்பாங் அடித்தார்கள். வந்தவர்களுக்கெல்லாம் முட்டை கொடுத்தார்கள். இவளுக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்கு ஓடிவந்து என்னிடம் சொல்ல ஆரம்பித்தவள், இரண்டு வாக்கியம் தமிழில் சொல்லிவிட்டு முழுக்க மலாய்க்குப் போய்விட்டாள். “தமிழ்ல சொல்லேன்டா செல்லம்” என்றேன். “இது மலாய் கதை சித்தி. மலாய்லதான் சொல்லணும்” என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏழு வயதில் ஒரு பிள்ளை தமிழுக்கு வேலி போட்டுவிட்டாள். கோயில், தீபாவளி, பாடநூல் ஆகியவை வேலிக்கு உள்ளே. மற்ற உலகம் வெளியே. அந்த வெளி உலகம் ஆண்டுதோறும் பெரிதாகிக்கொண்டே போகும். பதினைந்து வயதில் தோழிகள் அங்கேதான் இருப்பார்கள். இருபத்திரண்டில் வேலை அங்கேதான். நமக்கே அப்படித்தானே? நம்மில் எத்தனை பேர் விடுதி அறையில் நடந்த ஒரு சண்டையைக் கடைசிவரை தமிழில் விவரிப்போம்? வேலியை அவள் தானாகப் போடவில்லை. அவள் வாசித்த தமிழ்ப் புத்தகங்களில் மாக்சிக் இல்லை. கொம்பாங் ஓசையைச் சொல்லும் தமிழ் வாக்கியம் ஒன்றை யாரும் அவளுக்கு வாசித்துக் காட்டவில்லை.

அவளுடைய பயிற்சிப் புத்தகத்தைப் புரட்டினேன். ‘பாட்டி வெற்றிலை இடித்தார்.’ யு.பி.எஸ்.ஆர். தேர்வை 2021இல் எடுத்துவிட்டார்கள். பாட்டியின் கையிலிருந்து உரலை மட்டும் யாராலும் எடுக்க முடியவில்லை!

இதை நம் கழகக் கூட்டம் ஒன்றின் முடிவில் தேநீர் குடிக்கும்போது சொன்னேன். மூத்த அண்ணன் ஒருவர், “தங்கச்சி, நம்ம கதையே நம்ம பிள்ளைங்களுக்குத் தெரியல. அதுக்குள்ள ஊரார் கதை எதுக்கு?” என்றார். அவர் கேட்டதில் நியாயம் உண்டு. தேசியப் பள்ளிகளில் படிக்கும் நம் பிள்ளைகளின் நிலை இன்னும் கடினம். 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டப்படி 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால்தான் அங்கே தமிழ் வகுப்பு. கிடைப்பதும் சொற்ப நேரம். அந்த நேரத்தில் ஆத்திசூடியா, சாங் கஞ்சிலா என்று கேட்டால் யாருக்கும் தடுமாற்றம் வரும்.

ஆனால் ‘நம்ம கதை’ எங்கெங்கே போயிருக்கிறது என்று பாருங்கள். மலாய் இலக்கியத்தில் பெரும்பெயர் பெற்ற முன்ஷி அப்துல்லா, சிறுவயதில் மலாக்காவில் தமிழ் கற்றவர். அவர் 1835இல் பஞ்சதந்திரக் கதைகளை மலாயில் எழுதினார். எந்த மொழியிலிருந்து தெரியுமா? தமிழிலிருந்து. தமிழர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு செய்த வேலை அது. நம் எருதும் சிங்கமும் நரியும் ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே மலாய் வீடுகளுக்கு விருந்துக்குப் போய்விட்டன. சாங் கஞ்சில் நம் வீட்டுக்கு வந்தால் மட்டும் வாசலில் நிறுத்தி அடையாள அட்டை கேட்பது முறையா? அதற்குத் தமிழில் நல்ல பெயரும் இருக்கிறது: சருகுமான். இந்தச் சொல் எனக்குப் பத்தொன்பது வயதுவரை தெரியாது. கஞ்சில் என்றால் அப்பா ஓட்டிய பழைய பெரோடுவா கார்தான். முதலைகளை வரிசையாக நிற்க வைத்து ஆற்றைக் கடக்கும் சருகுமானின் கதையைத் தமிழில் வாசித்திருந்தால், முதலைகளை எண்ணும் அந்த ஒரு பக்கத்திலேயே எத்தனை வினைச்சொற்கள் கிடைத்திருக்கும்! குதித்தது, ஏய்த்தது, நழுவியது, கெக்கலித்தது.

இன்னொருவர், மலாய்ச் சொற்களையெல்லாம் புத்தகத்தில் போட்டால் தமிழ் கெட்டுவிடும் என்றார். தூய தமிழில் எனக்கும் மரியாதை உண்டு. கதை சொல்லும் வாக்கியம் நல்ல தமிழில்தான் இருக்க வேண்டும். ஆனால் பொருளுக்கு ஊரில் என்ன பெயரோ அதுவே இருக்கட்டும். நாசி லெமாக்கைத் ‘தேங்காய்ப்பால் சோறு’ என்று எழுதினால் பிள்ளை அதைப் பாடநூலில் மட்டும் வைத்துக்கொண்டு, கடையில் நாசி லெமாக்தான் வாங்கும். தோட்டத்துத் தமிழர்கள் கெத்தாவைக் கித்தாவாகவும், கம்போங்கைக் கம்பமாகவும், மங்கோக்கை மங்காகவும் மாற்றிக்கொண்டவர்கள். அவர்களுடைய தமிழ் கெட்டுவிட்டது என்று சொல்ல நாம் யார்? மலாயும் நம்மிடம் கப்பல், கடை, கட்டில், கோயில், சுருட்டு எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு நன்றாகத்தான் இருக்கிறது.

எனக்கே ஒரு பயம் உண்டு. அதை யாரும் கேட்கவில்லை என்பதால் நானே சொல்லிவிடுகிறேன். பல்லினப் புத்தகம் வேண்டும் என்றால் உடனே அலி, ஆ சோங், முத்து மூவரும் வந்துவிடுவார்கள். அலி தலையில் சொங்கோக், ஆ சோங் கையில் மாண்டரின் ஆரஞ்சு, முத்துவுக்கு வேட்டி. மூவரும் கைகோத்துக்கொண்டு பெருநாள் வீட்டுக்குப் போவார்கள், சாப்பிடுவார்கள், நன்றி சொல்வார்கள், கதை முடிந்தது. இது கதையன்று, உடைகளின் ஊர்வலம். மூவரும் ஒருமுறைகூடச் சண்டை போடமாட்டார்கள். சண்டை இல்லாத கதையில் பிள்ளைக்கு என்ன பேச்சு இருக்கிறது? எங்கள் மாக்சிக்குக்கும் பாட்டிக்கும் ஒருமுறை பூனை விஷயத்தில் இரண்டு வாரம் பேச்சுவார்த்தை இல்லை. பாட்டிக்குச் சிறுநீரகக் கல் வந்தபோது மருத்துவமனைக்கு ஓட்டிப் போனதும் அதே மாக்சிக்தான். அந்தப் பூனையைப் பற்றி எழுதுங்கள். பிள்ளைகள் வாசிப்பார்கள்.

நம்மவர்களிடமே எத்தனை வகை! தமிழ் முஸ்லிம்கள், கிறிஸ்துவர்கள், யாழ்ப்பாண வழிவந்தவர்கள், தமிழ்ப்பள்ளியில் நம்மோடு படித்த தெலுங்கு, மலையாளப் பிள்ளைகள். மலாக்கா செட்டிகள் இந்துக்கள். வீட்டில் பேசுவது மலாய். ஒரு தமிழ்ப் பிள்ளைக்கு இதைச் சொன்னால் கண்ணை விரிக்கும். நூறு கேள்வி கேட்கும். கேள்வி கேட்கும் பிள்ளையின் மொழி தானாக வளரும்.

பேசிக்கொண்டே இருந்தால் போதாது என்று சென்ற ஆண்டு விடுமுறையில் ஒரு சிறு முயற்சி செய்தேன். எங்கள் தாமான் கோயில் மண்டபத்தில் சனிக்கிழமைகளில் வாசிப்பு வகுப்பு நடக்கும், பதினொரு பிள்ளைகள். வரைதாளை மடித்துப் பன்னிரண்டு பக்கத்தில் ‘பாட்டி சந்தைக்குப் போகிறார்’ என்று ஒரு புத்தகம் செய்தேன். காய்கறிக்காரப் பெண்மணி கண்டனீசில் கேட்கிறார், பாட்டி தமிழில் பதில் சொல்கிறார், அவர் குழம்புகிறார், கடைசியில் இருவரும் மலாயில் கங்கோங் கீரைக்கு விலை பேசுகிறார்கள். கதை அவ்வளவுதான். விவரிப்பு ஏட்டுத் தமிழ், உரையாடல் பேச்சுத் தமிழ். சிங்கப்பூரில் 2005ஆம் ஆண்டுப் பாடத்திட்ட மறுஆய்வு தரமான பேச்சுத் தமிழை வகுப்பறைக்குள் கொண்டுவரச் சொன்னது, அதைத்தான் பின்பற்றினேன். நகல் எடுக்க ஒன்பது வெள்ளி சொச்சம் ஆயிற்று. பாட்டியையும் கூட்டிப்போய்ப் பின்வரிசையில் உட்கார வைத்தேன்.

வாசித்து முடித்ததும், “ஒங்க வீட்ல வேற பாஷை பேசுறவங்க யாரு?” என்று கேட்டேன். மூன்று வாரமாக ‘ம்’, ‘தெரியாது’ தவிர வேறெதுவும் பேசாத ஒரு பையன் கையைத் தூக்கினான்.

“எங்க அம்மா இபான். அவங்க ஊர்ல எல்லாரும் ஒரே வீட்ல இருப்பாங்க. நீளமா. கதவு கதவா இருக்கும்.”

“ருமா பாஞ்சாங்கா?” என்றேன்.

“ஆமாக்கா. தமிழ்ல என்னா?”

‘நீண்ட வீடு’ என்றேன். சப்பென்று இருந்தது, அவன் முகத்திலும் அது தெரிந்தது. பின்னாலிருந்து பாட்டி, “நம்ம லயம் மாதிரியா கண்ணு?” என்று கேட்டார். லயம் என்றால் என்ன என்று மற்ற பிள்ளைகள் கேட்க, தோட்டத்தில் வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகளைப் பாட்டி விளக்கினார். பையன் யோசித்தான். “லயத்துல எல்லாரும் ஒண்ணா ஒக்கார எடம் இருக்குமா? எங்கதுல இருக்கு. அதுல கல்யாணமே பண்ணலாம்.” பாட்டி விடவில்லை. “அப்ப ஒங்கது ஒரே திண்ணை வச்ச லயம்” என்றார். அவனுக்குப் பரம திருப்தி. அன்றைக்கு மட்டும் அவன் எத்தனை வாக்கியம் பேசியிருப்பான் என்று எண்ணவில்லை, எண்ணியிருக்க வேண்டும்.

அடுத்த வாரம் ஒரு படம் வரைந்து, கீழே மூன்று வாக்கியம் எழுதிக்கொண்டு வந்தான். ‘அந்த வீடு நீலமாக இருந்தது.’ பக்கத்தில் இருந்த பெண் பிள்ளை, “நீலக் கலர் அடிக்கவே இல்லையே?” என்று கேட்டாள். அவன் படத்தைப் பார்த்தான், எழுத்தைப் பார்த்தான், ‘ல’வை அழித்து ‘ள’ போட்டான். லகர ளகர வேறுபாட்டை நான் எத்தனை பயிற்சித் தாள்களில் கோடிட்ட இடம் நிரப்பிக் கற்றேன்! அவன் தன் அம்மாவின் வீட்டைக் காப்பாற்றுவதற்காகக் கற்றுக்கொண்டான்.

எல்லாரும் அப்படி மாறிவிடவில்லை. இருவர் கடைசிவரை புத்தகத்தைத் தொடவில்லை. கைத்தொலைபேசி கொடுத்தால்தான் உட்காருவோம் என்றார்கள். அக்கா மகள் மட்டும் புத்தகத்தைப் பத்து முறை வாசித்துவிட்டு, “மாக்சிக் ஏன் இதுல வரல?” என்று கேட்டாள்.

நம் கழகத்துக்கு நான் வைக்கும் கோரிக்கை இதுதான். நாடகம், கவிதை, பட்டிமன்றம் எல்லாம் நடக்கட்டும். அவற்றோடு ஆண்டுக்கு இரண்டு சிறுவர் படப்புத்தகம் செய்வோம். சென்னையின் தூலிகா பதிப்பகம் 1996 முதல் தமிழும் ஆங்கிலமும் சேர்ந்த இருமொழிப் படப்புத்தகங்களைக் கொண்டுவந்து காட்டியிருக்கிறது. நாம் தமிழும் மலாயும் சேர்த்துச் செய்யலாம். தமிழ் எழுத்துக் கூட்டத் தடுமாறும் தேசியப் பள்ளிப் பிள்ளைக்கும் அது துணையாக இருக்கும். பணம் இல்லை என்று சொல்ல வேண்டாம். பெங்களூரின் பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ‘ஸ்டோரிவீவர்’ தளத்தில் உள்ள கதைகளை யார் வேண்டுமானாலும் கட்டணமின்றி மொழிபெயர்க்கலாம், அச்சிடலாம், மாற்றவும் செய்யலாம். வாசிக்கும் திறனுக்கு ஏற்ப நான்கு படிநிலைகளும் பிரித்திருக்கிறார்கள். நம் ஊர்க் கதைகளையும் அதில் ஏற்றலாம். ஐந்நூறுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ள நாடு இது. படித்த பள்ளிக்கு ஆளுக்கு ஒரு படி கொண்டுபோய்க் கொடுத்தாலே போதும்.

என் முதல் பதிப்பில் திருத்தம் ஒன்று நிலுவையில் உள்ளது. வகுப்பு முடிந்து வீட்டுக்கு வந்ததும் பாட்டி மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் பார்த்தார். அந்தச் சமயத்தில்தான் நான்காம் ஆண்டுக் கட்டுரையைப் பற்றி அவரிடம் சொன்னேன். “வெத்தலையா? நானா?” என்று வெகுநேரம் சிரித்தார். பிறகு படத்தைக் காட்டி, “இதுல மட்டும் என்னா, கண்ண இவ்ளோ பெருசா போட்டிருக்க? என் கண்ணு இப்பிடியா இருக்கு? மாத்து” என்றார்.

எனக்குச் சரியாக வரைய வராது. அடுத்த புத்தகத்துக்குப் பூனைச் சண்டைக் கதை தயார். ஒரே திண்ணை வைத்த லயத்தின் கதையை அந்தப் பையனும் அவன் அம்மாவும் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டிருக்கிறேன். கழகத்தில் வரையத் தெரிந்தவர்கள், இபான்மொழி தெரிந்த நண்பர்கள், வீட்டில் இப்படி ஒரு பாட்டி உள்ளவர்கள் யாராவது இருந்தால் கழக அறையில் என்னிடம் சொல்லுங்கள். புதன்கிழமை மாலைகளில் அங்கேதான் இருப்பேன்.